சேற்றுக்குள் கேளா ஒலி

பண்டசோழநல்லூர் வயல்களில் குழாய்க் கிணறு இறக்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? மணற்பாங்கான நிலத்தில் துளையிடும்போது களிமண் கரைசலைக் குழிக்குள் செலுத்துவார்கள். துளை சரியாமல் அது தாங்கும். வெட்டிய மண்ணையும் மேலே கொண்டுவரும். எண்ணெய்க் கிணற்றிலும் இதே முறைதான்.

புதுச்சேரியும் அடங்கிய காவிரிப் படுகையில் 1964-இல் எண்ணெய் தேடி ஆழ்துளை இடப்பட்டது. 1980-களில் நாகப்பட்டினம் அருகே நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. இத்தகைய கிணறுகளில் பெண்டோனைட் களிமண்ணுடன், நீரைவிட நான்கு மடங்குக்கு மேல் கனமான பாரைட் தூளையும் கலப்பார்கள். அந்தக் கனமே பாறையிலுள்ள வாயுவை அடக்கி வைக்கிறது. அடக்க முடியாமற்போனால் ஆபத்துதான். 1995-இல் ஆந்திரத்தின் பாசர்லபூடியில் பீறிட்ட வாயு தீப்பற்றி இரண்டு மாதங்களுக்கு மேல் எரிந்தது.

இருட்டில் ஒரு கண்

கலங்கிய சேற்றில் ஒளி ஊடுருவாது. ஒலி ஊடுருவும். வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்டதைக் கேளா ஒலி என்கிறோம். கருவி இதைக் கிணற்றுச் சுவரை நோக்கி அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கிறது. சேற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு 1,500 மீட்டர் என்று கொள்வோம். சுவர் 5 சென்டிமீட்டர் தொலைவில் இருந்தால், போய்வர ஒரு வினாடியில் பதினையாயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஆகும்.

உண்மையான வேகம் 1,400 மீட்டராக இருந்தால்? கணக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் தவறிவிடும். ஆகவே, தெரிந்த தொலைவில் ஒரு தகட்டை வைத்து, அந்தச் சேற்றிலேயே வேகத்தை முதலில் அளந்துகொள்கிறார்கள்.

ஒலி ஏன் தேய்கிறது?

பாரைட் துகள்கள் கனமானவை. நீர் அதிரும் வேகத்துக்கு அவற்றால் ஈடுகொடுக்க முடிவதில்லை. அதனால் உண்டாகும் உராய்வில் ஒலியின் ஆற்றல் வெப்பமாகிறது. அதிர்வெண் கூடினால் இழப்பும் கூடும். அதிர்வெண்ணைக் குறைத்தாலோ நுண்ணிய வெடிப்புகள் தெரியமாட்டா. இரண்டுக்கும் நடுவே பொருத்தமானதைத் தேர்ந்தெடுப்பதே பொறியாளரின் திறமை.

சேற்றில் வாயுக் குமிழிகள் புகுந்தால் கேளா ஒலி சிதறி, எதிரொலி மங்கும். சாதாரண ஒலியின் வேகமோ வெகுவாகக் குறையும். கிணற்றின் ஆழத்தில் அழுத்தம் குமிழிகளை நசுக்குவதால் இந்த மாற்றம் சிறிதாகவே இருக்கும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். கண்ணாடித் தம்ளரில் சோடா ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு, உடனே அடிப்பக்கத்தைக் கரண்டியால் மெல்லத் தட்டிக்கொண்டே இருங்கள். முதலில் தாழ்ந்த சுருதி கேட்கும். குமிழிகள் வெளியேற வெளியேறச் சுருதி ஏறும். வாயு புகுந்ததை ஒலி காட்டிக்கொடுப்பதை உங்கள் காதாலேயே கேட்பீர்கள்.