தூணும் சுமையும் – 9: சுவரில்லாத தரைத்தளம்

2001 ஜனவரி 26 காலை கட்ச் பகுதியில் நிலம் அதிர்ந்தது. அங்கிருந்து அகமதாபாத் 200 கிலோமீட்டருக்கும் அப்பால். அவ்வளவு தொலைவிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பல விழுந்து, எழுநூறுக்கும் மேற்பட்டோர் அந்நகரில் இறந்தனர். விழுந்தவற்றில் பல ஒரே சாயலில் கட்டப்பட்டவை. மேலே நான்கு மாடியோ பத்து மாடியோ வீடுகள். கீழே வண்டி நிறுத்துவதற்காகச் சுவரே இல்லாமல் தூண்கள் மட்டும்.

எல் வடிவம், டி வடிவம் என்று ஒழுங்கற்ற வரைபடங்களைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்தக் கட்டடங்களோ மேலிருந்து பார்த்தால் நேரான செவ்வகம். இவற்றின் ஒழுங்கின்மை உயரவாக்கில் இருக்கிறது.

கணக்குப் போடும்போது தூண், பீம், ஸ்லாப் ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொள்வது வழக்கம். செங்கல் சுவர் வெறும் எடையாகவே கணக்கில் சேரும். ஆனால் தூண்களுக்கு இடையே இறுக்கமாக அடைத்த சுவர், கட்டடம் பக்கவாட்டில் சாயும்போது மூலைக்கு மூலை முட்டுக்கொடுக்கிறது. அதனால் மேல்மாடிகள் எல்லாம் ஒன்றாக விறைத்து நிற்கும். தரைத்தளத்துக்கு அந்த முட்டு கிடையாது. எல்லா மாடிகளின் பக்கவாட்டு விசையும் சேர்ந்து இறங்குவதோ அங்கேதான். மாடிதோறும் பகிர்ந்துகொள்ள வேண்டிய அசைவை ஒரே தளத்துத் தூண்கள் வாங்கிக்கொள்கின்றன. அவற்றின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் கான்கிரீட் நொறுங்கும். ரிங் கம்பிகளைத் தள்ளித் தள்ளிக் கட்டி, முனைகளை 135 டிகிரிக்கு உள்ளே மடக்காமல் விட்டிருந்தால், ரிங் வாய் பிளந்து நெடுக்குக் கம்பிகள் வெளியே பிதுங்கிவிடும். அதன்பின் மேலே இருக்கும் வீடுகளைத் தாங்க ஒன்றுமில்லை.

அகமதாபாத்தில் நடந்ததற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இது தெரிந்திருந்தது என்பதுதான் மனதை அறுக்கிறது. 1971-ல் கலிஃபோர்னியாவின் சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்தில், புதிதாகக் கட்டிய ஆலிவ் வியூ மருத்துவமனையின் கீழ்த்தளத் தூண்கள் இப்படியே சிதைந்தன. கட்டடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று. நம் நாட்டில் ஐ.எஸ். 1893 என்ற நிலநடுக்க வடிவமைப்பு விதித்தொகுப்பின் 2002 பதிப்பு இதற்குத் தனி விதி கொண்டுவந்தது: ஒரு தளத்தின் விறைப்பு அதன் மேல்தளத்தின் விறைப்பில் 70 சதவீதத்துக்கும் குறைந்தால் அது மென்தளம். சுவர்களைச் சேர்க்காமல் கணக்குப் போட்டால், அத்தளத்துத் தூண்களையும் பீம்களையும் 2.5 மடங்கு விசைக்கு வடிவமைக்க வேண்டும் என்றும் அப்பதிப்பு சொன்னது. அதே பதிப்பில்தான் சென்னை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாறியது.

தூணைத் தடிப்பாக்கினால் போதும் என்று இந்த விதியைப் படிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வலிமை வேறு, விறைப்பு வேறு. மேலே சுவர்கள் தரும் விறைப்புக்கு ஈடாக, அடித்தளத்திலிருந்தே கான்கிரீட் சுவர்கள் எழ வேண்டும். 2016 பதிப்பும் அந்தத் திசையில்தான் போகிறது. இரண்டு கார் நிற்கும் இடம் போய்விடுமே என்று கட்டுபவர் தயங்குவார். போகட்டும்.

ஆனால் அந்தச் சுவர்களை லிஃப்ட்டைச் சுற்றி ஒரு மூலையில் மட்டும் வைத்தால், கட்டடம் அந்த மூலையைப் பிடித்துக்கொண்டு திருகும். 1972-ல் நிகரகுவாவின் மனாகுவா நகரில் அருகருகே நின்ற இரண்டு வங்கிக் கட்டடங்களில் ஒன்றுக்கு நேர்ந்தது அதுதான். அடுத்த வாரம் அதைப் பார்ப்போம்.