சாய நூலால் செழித்த மலைக் கிராமம்

கிரேக்க நாட்டின் தெசலி பகுதியில், கிசாவோஸ் மலைச் சரிவில் அமைந்துள்ள சிற்றூர் அம்பெலாக்கியா. கல் பாவிய தெருக்களும் பழைய மாளிகைகளும் கொண்ட இவ்வூரின் வரலாறு, வணிகர்கள் அவசியம் அறிய வேண்டிய ஒன்றாகும்.

துருக்கியர் ஆட்சிக் காலத்தில் இவ்வூரார் மஞ்சிட்டி இனச் செடியின் வேரைக் கொண்டு பருத்தி நூலுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றினர். தனித்தனியே தொழில் செய்தவர்கள் 1780-ஐ ஒட்டி ஒரே கூட்டு நிறுவனமாக இணைந்தனர். முதல் போட்டவருக்கும் உழைத்தவருக்கும் லாபத்தில் பங்கு உண்டு. சரக்கு வியன்னா முதலிய ஐரோப்பிய நகரங்களுக்குச் சென்றது. நிறுவனத் தலைவர் மாவ்ரோஸின் பெயருக்குக் 'கறுப்பர்' என்பது பொருள். ஜெர்மன் மொழி பேசும் வாடிக்கையாளர்கள் அதனை 'ஷ்வார்ட்ஸ்' என்று மாற்றி அழைத்தனர்.

பின்னர் இங்கிலாந்தின் இயந்திர நூல் மலிவாக வந்தது. நெப்போலியன் போர்கள் வழியை அடைத்தன. பங்காளிகளுக்குள் பூசல் மூண்டது. 1811-ல் ஆஸ்திரிய அரசு திவாலானபோது வியன்னாவில் இருந்த முதலும் கரைந்தது. நிறுவனம் கலைந்தது.

ஷ்வார்ட்ஸின் மூன்றடுக்கு மாளிகை இன்று அருங்காட்சியகம். சுவர் ஓவியங்களையும் மர வேலைப்பாட்டையும் கண்டு வியப்பவர்கள், ஒற்றுமை ஈட்டித் தந்ததையும், ஒரே சந்தையைப் பெரிதும் நம்பியது பறித்துக்கொண்டதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.