அமெரிக்கக் குடும்பமும் முதலாவது கைத்துப்பாக்கியும்

ஐக்கிய அமெரிக்காவில் இளந்தம்பதியர் புதிதாக ஒரு வீட்டில் குடியேறும்போது எழுகின்ற கேள்விகளுள் எமது நாட்டவருக்கு வியப்பூட்டக்கூடிய ஒன்றும் இருக்கின்றது. படுக்கையறையில் ஒரு கைத்துப்பாக்கியை வைத்துக்கொள்வதா, வைப்பதாயின் எத்தகையதை வாங்குவது என்பதே அக்கேள்வியாகும். துப்பாக்கியைச் சீருடை அணிந்தோரதும் ஆயுதக் குழுக்களதும் கைகளிலேயே கண்டு பழகிய எமக்கு, கணவனும் மனைவியும் கடைக்குச் சென்று தெரிவுசெய்யும் வீட்டுப் பொருளாக அதனை எண்ணிப் பார்ப்பது இலகுவானதல்ல. ஆனால், பியூ ஆய்வு நிலையம் 2023ஆம் ஆண்டில் நடத்திய கருத்துக்கணிப்பில் அமெரிக்க வயதுவந்தோரில் 32 சதவீதத்தினர் தம்மிடம் துப்பாக்கி இருப்பதாகக் கூறியுள்ளனர். அவர்களுள் 72 சதவீதத்தினர் பாதுகாப்பையே அதற்கான பிரதான காரணமாகக் குறிப்பிட்டனர். வேட்டையைக் காரணமாகக் கூறியோர் அதிலும் மிகக் குறைவு.

இதற்கான சட்ட அடித்தளம் 1791ஆம் ஆண்டில் நிறைவேறிய அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தமாகும் என்பதைப் பலரும் அறிவர். எனினும், அத்திருத்தம் மாநிலங்களின் குடிப்படைகளைப் பற்றியதா, தனிமனிதரின் உரிமையைப் பற்றியதா என்ற விவாதம் நெடுங்காலம் தீராமலே இருந்தது. தலைநகர் வாஷிங்டனில் 1976 முதல் நடைமுறையிலிருந்த கைத்துப்பாக்கித் தடையை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட ஹெல்லர் வழக்கில், 2008 ஜூன் 26ஆம் திகதி ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் உயர் நீதிமன்றம் அந்த விவாதத்துக்கு விடை கூறியது. வீட்டில் தற்பாதுகாப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என நீதியரசர் அன்டனின் ஸ்காலியா தீர்ப்பெழுதினார். அத்தீர்ப்பில் ஒரு கடைக்காரரின் விளக்கத்தைப் போன்ற பகுதியொன்றும் உண்டு. நீண்ட துப்பாக்கியைத் தூக்கிக் குறிபார்க்க வலுவில்லாதவருக்குக் கைத்துப்பாக்கி வசதியானது, அதனை எதிராளி பற்றிப் பறிப்பது கடினம், ஒரு கையால் அதனை நீட்டியவாறே மறுகையால் பொலிஸாருக்குத் தொலைபேசியில் அழைப்பெடுக்க முடியும் என்று நீதியரசர் அதில் விபரித்திருந்தார். 2010இல் இவ்வுரிமை மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் எனத் தீர்க்கப்பட்டது. 2022இல் வீட்டுக்கு வெளியே கொண்டு செல்லும் உரிமையும் அங்கீகரிக்கப்பட்டது.

இனித் தெரிவு பற்றிய விடயத்துக்கு வருவோம். கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவை பெரும்பாலும் இரு வகையின. ஒன்று, ஐந்து அல்லது ஆறு ரவைகளைச் சுழலும் உருளையில் தாங்கும் றிவோல்வர். மற்றையது, கைப்பிடிக்குள் செருகும் ரவைக்கூட்டிலிருந்து தானாகவே அடுத்த ரவையை ஏற்றிக்கொள்ளும் பிஸ்டல். அமைப்பில் எளிமையானது றிவோல்வரே. ஒரு ரவை வெடிக்கத் தவறினால் விசையை மீண்டும் இழுத்தாலே போதும், அடுத்த ரவை முன்னே வந்து நிற்கும். ஆனால், அவ்விசையை முழுமையாக இழுப்பதற்குச் சுமார் 5 கிலோகிராம் அளவிலான விசைவலு தேவைப்படும். பயிற்சியற்ற கை அந்த இழுப்பின்போதே குறியைத் தவறவிட்டுவிடும். பிஸ்டலின் விசை இலகுவானது. ஒஸ்திரியாவில் உருவாகி 1980களில் அமெரிக்கச் சந்தைக்குள் நுழைந்த குளொக் வகைகள் இன்று பொலிஸாரிடமும் பொதுமக்களிடமும் பரவலாக உள்ளன. அவற்றுள் நடுத்தர அளவினதான குளொக் 19, ரவையின்றிச் சுமார் 600 கிராம் எடையுடையது, 15 ரவைகளைக் கொள்ளும். இவ்வகையில் சிக்கல் வேறிடத்தில் இருக்கின்றது. முதல் ரவையை ஏற்றுவதற்கு மேற்பகுதி உறையைப் பின்னோக்கி இழுக்க வேண்டும். வலுவான சுருளுக்கு எதிராக அதனை இழுப்பது மூட்டுவாதம் உள்ளவருக்கும் கைவலு குறைந்தவருக்கும் சிரமம். இதனை உணர்ந்தே ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனம் 2018இல் இலகுவாக இழுக்கக்கூடிய உறையுடன் ஒரு பிஸ்டலைச் சந்தைக்கு விட்டது.

இவ்விடத்தில் நீண்டகாலமாக நிலவும் ஒரு தவறான ஆலோசனையைச் சுட்டிக்காட்டுவது அவசியம். மனைவிக்கு என்றால் சிறியதொரு றிவோல்வரே பொருத்தம் என்று கடைக்காரர்களும் கணவன்மாரும் கூறி வந்திருக்கின்றனர். பெளதிகவியலின் அரிச்சுவடி அறிந்தவருக்கே இது பொருந்தாதது என்பது புலப்படும். ஒரே வலுவுடைய ரவையைச் சுடும்போது எடை குறைந்த ஆயுதமே கையைக் கூடுதலாக உதைக்கும். குறுகிய குழலும் சிறிய குறிகாட்டியும் குறியை மேலும் கடினமாக்கும். அத்தகைய ஆயுதத்தைப் பயிற்சிக்களத்தில் ஐந்து முறை சுட்டவர் ஆறாவது முறை சுட விரும்புவதில்லை. விரும்பிப் பயிலாத ஆயுதம் நள்ளிரவில் எவருக்கும் உதவப் போவதுமில்லை. வீட்டில் வைப்பதற்கென்றால், ஆடைக்குள் மறைக்கத் தேவையில்லாத நடுத்தர அளவு பிஸ்டலே இருவருக்கும் ஏற்றதெனப் பயிற்றுநர் பலர் கூறுகின்றனர்.

ரவையின் அளவு குறித்தும் வீண் பெருமிதங்கள் உண்டு. 1986இல் மயாமியில் இரு முகவர்கள் கொல்லப்பட்ட மோதலின் பின்னர், எப்.பி.ஐ. 9 மில்லிமீற்றர் ரவை போதாது என முடிவுசெய்து பெரிய அளவுகளுக்கு மாறியது. ரவைத் தயாரிப்பு முன்னேறியதும், பெரிய ரவைகளின் உதைப்பினால் முகவர்களின் குறி பிசகியதும் சேர்ந்து, 2010களின் நடுப்பகுதியில் அதே நிறுவனம் 9 மில்லிமீற்றருக்கே திரும்பியது. தேசத்தின் பிரதான புலனாய்வு நிறுவனத்துக்குப் போதுமானது குடும்பத்தினருக்குப் போதாது என வாதிடுவோரிடம் வலுவான காரணங்கள் இல்லை. மேலும், அமெரிக்க வீடுகளின் உட்சுவர்கள் பெரும்பாலும் மரச்சட்டங்களின் மீது பொருத்திய சாந்துப் பலகைகளாகும். இலக்கைத் தவறிய ரவை அவற்றை ஊடுருவி அடுத்த அறையில் உறங்கும் பிள்ளையிடமும் செல்லும். எனவேதான், உடலில் பட்டதும் விரிந்து வேகமிழக்கும் ரவைகளை வீட்டுக்குப் பரிந்துரைக்கின்றனர். சாந்துப் பலகையை அவையும் துளைக்கக்கூடியவையே.

வாங்கும் முன்னர் இருவரும் சேர்ந்து வாடகைத் துப்பாக்கிகள் கிடைக்கும் பயிற்சிக்களம் ஒன்றுக்குச் சென்று, மூன்று நான்கு வகைகளைச் சுட்டுப் பார்ப்பதே சிறந்த வழி. கணவனின் கைக்கு அமைந்தது மனைவியின் விரலுக்கு எட்டாதிருக்கலாம். ஒரே ஆயுதம் இருவருக்கும் என்றால் சிறிய கைக்குப் பொருந்துவதைத் தெரிவுசெய்ய வேண்டும். பெரிய கை அதற்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும். அனுமதி பெற்ற வியாபாரியிடம் கைத்துப்பாக்கி வாங்குவதற்கு 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்கும் நடைமுறை 1993ஆம் ஆண்டின் பிரேடிச் சட்டத்தால் ஏற்பட்டது. கலிபோர்னியாவில் பத்து நாட்கள் காத்திருக்கவும் வேண்டும்.

ஆனால், யாருக்கு எதிராக இந்த ஆயுதம்? நீதிப் புள்ளிவிபரப் பணியகம் 2003 முதல் 2007 வரையான காலத்தை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வீடுடைப்புகளில் ஏறத்தாழ 28 சதவீதமானவையே வீட்டில் ஒருவர் இருந்தபோது நிகழ்ந்தவை. மொத்த வீடுடைப்புகளில் 7 சதவீதமானவற்றில் வீட்டிலிருந்தவர் வன்முறைக்கு உள்ளானார். அந்த வன்முறைச் சம்பவங்களிலும் மூன்றில் இரண்டு பங்களவில் வந்தவர் முன்பே அறிமுகமானவர். முகமூடியணிந்த அந்நியன் என்ற கற்பனையுடன் துப்பாக்கிக் கடைக்குச் செல்லும் தம்பதியர், வாசலில் நிற்கப்போவது முன்னாள் காதலனாகவோ மைத்துனனாகவோ இருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

அறிமுகமற்றவர் வருகின்றபோதும் அவர் பகைவர் என்பதற்கு உத்தரவாதமில்லை. 1992 ஒக்டோபரில் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் 16 வயது ஜப்பானிய மாணவர் ஒருவர் விருந்துக்குச் செல்லும் வழியில் வீட்டிலக்கம் மாறி வேறொரு வீட்டின் மணியை அழுத்தினார். வேடமணிந்து நின்ற அவரைக் கண்டு அஞ்சிய இல்லத்தரசி, துப்பாக்கியை எடுக்குமாறு கணவனுக்குக் குரல் கொடுத்தார். கணவன் பெரிய அளவிலான கைத்துப்பாக்கியுடன் வெளிவந்து அசையாதே என்றார். மாணவர் தொடர்ந்து முன்னே வரவே, ஒரே ரவை அவரது உயிரைப் பறித்தது. குற்றவியல் வழக்கில் ஜூரிகள் வீட்டுக்காரரை விடுவித்தனர். சிவில் வழக்கிலோ 6 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு மேல் நட்டஈடு விதிக்கப்பட்டது. எந்தத் துப்பாக்கியைத் தெரிவுசெய்திருந்தாலும் அந்த ஒரு நிமிடம் வேறாக இருந்திராது. கதவைப் பூட்டி, உள்ளேயிருந்து பொலிஸாரை அழைப்பது என்று இருவரும் முன்கூட்டியே பேசித் தீர்மானித்திருந்தால் வேறாக இருந்திருக்கும்.

துப்பாக்கியால் உயிர் தப்பியோர் இல்லையென்று கூறுவதற்கில்லை. தற்பாதுகாப்புப் பயன்பாடு ஆண்டுக்கு 25 இலட்சம் வரை நிகழ்வதாக 1995இல் வெளியான ஓர் ஆய்வு கூறிற்று. அரசாங்கத்தின் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்போ ஒரு இலட்சம் அளவிலேயே மதிப்பிட்டது. இவ்வளவு பாரிய இடைவெளியுள்ள எண்களை வைத்து எவரும் உறுதியாக வாதிட முடியாது. மறுபக்கக் கணக்கு அந்தளவுக்குக் குழப்பமானதல்ல. 2021இல் அங்கு துப்பாக்கியால் மாண்ட 48,830 பேரில் 54 சதவீதத்தினர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கலிபோர்னியாவில் 2 கோடி 60 இலட்சம் பேரைத் தொடர்ந்து அவதானித்து 2020இல் வெளியான ஆய்வில், கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் வீதம் ஏனைய ஆண்களிலும் ஏறத்தாழ எட்டு மடங்காகவும், பெண்களில் 35 மடங்காகவும் காணப்பட்டது.

தம்பதியரைப் பொறுத்தமட்டில் மேலும் கருத்திற்கொள்ள வேண்டியது, அதே குழுவினர் 2022இல் வெளியிட்ட முடிவாகும். தாம் துப்பாக்கி வைத்திராது, வைத்திருப்பவருடன் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள் கொலையுண்ட வீதம், துப்பாக்கியற்ற வீடுகளில் வாழ்ந்தோரிலும் இருமடங்குக்கு மேலாக இருந்தது. வாழ்க்கைத்துணையால் வீட்டில் சுட்டுக் கொல்லப்படும் வீதமோ ஏழு மடங்கு. அவ்வாறு கொல்லப்பட்டோரில் 84 சதவீதத்தினர் பெண்கள். ஆபத்தான சூழலில் வாழ்வோரே துப்பாக்கி வாங்குகின்றனர், துப்பாக்கி ஆபத்தைக் கொண்டுவருவதில்லை என்ற மறுப்பு 1993இல் வெளிவந்த கெல்லர்மன் ஆய்வு முதல் கூறப்பட்டு வருகின்றது. அதில் ஓரளவு நியாயமுண்டு எனினும், வெளியிலிருந்து வரும் கொள்ளையனிடமிருந்து மனைவியைக் காக்கவே வாங்கினேன் என்ற கூற்றுக்கு அந்த ஏழு மடங்கு பொருத்தமான சாட்சியாகாது. குடும்ப வன்முறைக்காகத் தண்டிக்கப்பட்டோர் துப்பாக்கி வைத்திருப்பதை 1996ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் தடை செய்துள்ளது. நீதிமன்றப் பாதுகாப்புக் கட்டளைக்கு உட்பட்டோருக்கான தடையை உயர் நீதிமன்றம் 2024இல் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் உறுதிப்படுத்தியது.

எனவே, எத்துப்பாக்கி என்பதிலும் பார்க்க எங்கே, எவ்வாறு வைப்பது என்பதே பெரிய கேள்வியாகின்றது. தலையணைக்கு அடியிலும் மேசை இழுப்பறையிலும் வைப்பது பழைய வழக்கம். பிள்ளைகள் இழுப்பறைகளைத் திறக்கக் கூடியவர்கள் என்பதை அவ்வழக்கம் மறந்துவிட்டது. 2021இல் மிச்சிகன் மாநிலத்தில் 15 வயது மாணவன் ஒருவன் தந்தை வாங்கிக்கொடுத்த 9 மில்லிமீற்றர் பிஸ்டலால் தனது பாடசாலையில் நால்வரைக் கொன்றான். அவனது தாயும் தந்தையும் 2024இல் குற்றவாளிகளாகக் காணப்பட்டு, 10 முதல் 15 ஆண்டுகள் வரையான சிறைத்தண்டனை பெற்றனர். கட்டிலருகே சுவரிலோ மேசையிலோ பொருத்தி, இலக்கக் குறியீட்டாலோ விரலடையாளத்தாலோ சில விநாடிகளில் திறக்கக்கூடிய உருக்குப் பெட்டிகள் இன்று தாராளமாகக் கிடைக்கின்றன. அனுமதி பெற்ற வியாபாரி விற்கும் ஒவ்வொரு கைத்துப்பாக்கியுடனும் பூட்டுச் சாதனம் ஒன்றை வழங்க வேண்டுமெனக் கூட்டாட்சிச் சட்டம் 2005இல் விதித்தது. அப்பூட்டை வாங்கியவர் பயன்படுத்தியே ஆக வேண்டுமெனப் பல மாநிலங்கள் விதிக்கவில்லை.

பெட்டியின் இலக்கத்தை இருவரும் அறிந்திருக்க வேண்டும் என்பதே பொதுவான ஆலோசனை. ஆயினும், ஒருவர் கடும் மனச்சோர்வுக்கு உள்ளாகும் காலத்தில், அல்லது உறவு முறிந்து சச்சரவு மூளும் காலத்தில், அந்த ஆலோசனையே ஆபத்தாக மாறும். அத்தகைய வேளைகளில் ஆயுதத்தைத் தற்காலிகமாக வீட்டிலிருந்து அகற்றுவதற்கு உதவியாக, அவற்றைப் பொறுப்பேற்கும் கடைகளையும் பொலிஸ் நிலையங்களையும் காட்டும் வரைபடம் ஒன்று கொலராடோவில் 2019இல் வெளியிடப்பட்டது. துப்பாக்கி வியாபாரிகள் சிலரும் மருத்துவத் துறையினருடன் இணைந்து இம்முயற்சியில் பங்குபற்றினர். பின்னர் வேறு சில மாநிலங்களும் இதனைப் பின்பற்றியுள்ளன.