திறந்து பார்க்க முடியாத உலை

புனேயில் விமானம் இறங்கும் இடம் லோஹேகாவ். பெயரைக் கேட்டதும் 'இரும்பூர்' என்று சொல்லிப் பார்க்கத் தோன்றும். போனால் விமானப்படைத் தளமும் பயணிகள் முனையமும்தான் கண்ணில் படும். இரும்போடு நெருங்கிய உறவு இதே புனேயின் ஹடப்சர் பகுதிக்கு உண்டு. அங்கே 1981இல் தொடங்கிய டாடா ஆராய்ச்சி மையம், உலோகத் தொழிலின் செய்முறைகளைக் கணித மாதிரிகளாக மாற்றும் வேலையில் இறங்கியது.

இரும்பை உருக்கும் ஊதுலைக்கு எதற்குக் கணக்கு? பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கும் வழி அங்கே இல்லை. ஆண்டுக்கணக்கில் அணையாமல் எரியும் கோபுரம் அது. மேலிருந்து தாதும் கல்கரியும் சுண்ணாம்புக்கல்லும் அடுக்கடுக்காக இறங்கும். கீழிருந்து ஆயிரம் டிகிரிக்கும் மேல் சூடான காற்றை ஊதுவார்கள். கல்கரி எரிந்து பிறக்கும் கார்பன் மோனாக்சைடு, தாதின் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு மேலேறும். தாது இறங்கப் பல மணி நேரம். வாயு ஏறச் சில நொடி. அந்தச் சில நொடிக்குள் வாயுவிடம் எவ்வளவு வேலை வாங்குகிறோம் என்பதே உலைக்காரரின் சாமர்த்தியம்.

ஒரு காலத்தில் குளிர்ந்த காற்றே நல்லது என்று நம்பினார்கள். பனிக்காலத்தில் இரும்பு நன்றாக வந்ததாம். (காற்றில் ஈரம் குறைவு என்பதே காரணம்.) 1828இல் ஸ்காட்லாந்தின் நீல்சன் காற்றைச் சூடாக்கி ஊதக் காப்புரிமை பெற்றார். கிளைடு ஆலையில் ஒரு டன் இரும்புக்குச் செலவான எட்டு டன் நிலக்கரி ஐந்து டன்னுக்கு இறங்கியது. அதே காலத்தில், 1830இல், நம் பரங்கிப்பேட்டையில் ஹீத் என்பவர் சேலத்துத் தாதைக் கொண்டுவந்து மரக்கரியில் உருக்கினார். கரிக்காகக் காடுகளை நம்பியிருந்த அந்த ஆலை நிலைக்கவில்லை.

சூடான காற்று மட்டும் போதாது. அடுக்கில் எங்காவது இளக்கம் இருந்தால் வாயு அந்த வழியே வேலை செய்யாமல் ஓடிவிடும். 1970களில் லக்சம்பர்க்கின் பால் வுர்த் நிறுவனம் உலையின் உச்சியில் சுழலும் சரிவுக்குழாயை வைத்தது. எந்த வட்டத்தில் தாது, எந்த வட்டத்தில் கல்கரி என்று அதன்பின் ஆளே தீர்மானிக்கலாம். தீர்மானிக்கத் தடயம் வேண்டுமே: உச்சியில் வெளியேறும் வாயுவில் கார்பன் டை ஆக்சைடின் பங்கு கூடினால் வேலை நடந்திருக்கிறது, சுவரின் ஓரிடம் அளவுக்கு மீறிச் சுட்டால் வாயு அந்தப் பக்கம் நழுவுகிறது. கணினியில் இயங்கும் கணித மாதிரி இத்தகைய எண்களைக் கோத்து உள்ளே நடப்பதை ஊகிக்கிறது.

வெளிநாட்டு மாதிரியை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. இந்தியத் தாதில் அலுமினா அதிகம். அதனால் உருகிய கழிவான கசடு பிசுபிசுத்து, உலையைவிட்டு வடிய மறுக்கிறது. நம் நிலக்கரியிலோ சாம்பல் அதிகம். அந்தச் சாம்பலும் கடைசியில் கசடாகவே சேர்கிறது.