இயக்க முறையும் வண்டியின் இயல்பும்

காலி வீதியில் வெள்ளவத்தைச் சந்தடியினூடே ஊர்ந்து செல்லும் கார்களுட் டொயோட்டா பிரியஸ் ஒன்று. 2009ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் மூன்றாந் தலைமுறையில் 'ஈவி', 'எகோ', 'பவர்' எனச் சிறு பொத்தான்கள் மூன்று உள. முதலாவது, குறுந்தூரத்துக்கு மின்கலத்தால் மட்டும் வண்டியை ஓட்டுவது. 'எகோ'வை அழுத்தினால் வண்டி சோம்பியது போலவும், 'பவரை' அழுத்தினால் துள்ளியெழுந்தது போலவும் சாரதி உணர்கின்றார். இயந்திரமோ ஒன்றே, எடையும் சில்லுகளும் அவையே. அவ்வாறாயின் மாறியது யாது?

முற்காலக் கார்களில் முடுக்கு மிதிக்கும் இயந்திரத்துக்கும் இடையே உருக்குக் கம்பியொன்று இருந்தது. கால் அழுத்திய அளவுக்குக் காற்றுவழிக் கதவு திறந்தது. இக்காலக் கார்களிற் பெரும்பாலும் அக்கம்பி இல்லை. மிதி அழுந்திய அளவை உணரியொன்று கணினிக்கு அறிவிக்க, எவ்வளவு வலுவை வெளியிடுவதென்பதைக் கணினியே தீர்மானிக்கின்றது. இயக்க முறையை மாற்றுதலாவது இத்தீர்மானத்துக்குரிய அட்டவணையை மாற்றுதலாகும். 'பவர்' முறையிற் சிறிதளவு அழுத்தத்துக்கே மிகுந்த விடை கிடைக்கின்றது. ஆயின் உச்ச வலு சிறிதும் கூடுவதில்லை. கடிவாளத்தைத் தளர்த்தியவுடன் குதிரைக்குப் புதுக் கால்கள் முளைத்துவிடுவதில்லை.

விரைவோட்டக் கார்களில் இம்முறை மேலும் விரிந்துள்ளது. 2004ஆம் ஆண்டில் வெளிவந்த பெராரி எப் 430 காரில், 'மனெத்தீனோ' எனும் திருகு ஸ்டியரிங் வளையத்திலேயே அமைக்கப்பட்டது. கியர் மாறும் விரைவு, அதிர்வுதாங்கிகளின் இறுக்கம், வழுக்கலைத் தடுக்கும் ஏற்பாடு ஆகியன அதனால் ஒருங்கே மாறுவன. சில கார்களின் அதிர்வுதாங்கிகளில் நுண்ணிய இரும்புத் துகள்கள் கலந்த எண்ணெய் உண்டு. மின்சாரம் பாய்ந்ததும் காந்தப்புலத்தில் அத்துகள்கள் அணிவகுக்க, எண்ணெய் கணப்பொழுதிற் தடிப்புறும். மெத்தென்றிருந்த வண்டி அப்பொழுதே விறைப்படைந்து, வீதியின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் சாரதிக்கு உணர்த்துகின்றது.

வலுவையே கட்டுப்படுத்தும் முறைகளும் உள. தமிழ்நாட்டின் ஓசூரில் உற்பத்தியாகும் டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310 மோட்டார் சைக்கிளுக்கு 2020இல் மழை, நகர், ஸ்போர்ட், பந்தயத்தடம் என நான்கு முறைகள் அளிக்கப்பட்டன. அவ்வாண்டில் பின்னிரு முறைகளில் அதன் உச்ச வலு 34 பரிவலுவாக இருந்தது. முன்னிரு முறைகளில் ஏறத்தாழ 26 மட்டுமே இருந்தது. மழை முறையிற் சில்லு பூட்டிக்கொள்ளாது தடுக்கும் பிறேக் ஏற்பாடும் கூடுதல் விழிப்புடன் தொழிற்படும். ஈரத் தரையிற் பின்சில்லு வழுக்காதிருத்தலே இதன் நோக்கம்.

இவ்விடத்து மாணவர் மறவாதிருக்க வேண்டிய உண்மையொன்றுண்டு. இயக்கப்பாட்டுச் சத்தி வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமமானது. 2011இற் திறக்கப்பட்ட தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் கார், 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்வதைப் போல நான்கு மடங்கு சத்தியை உடையது. ஒரே பிறேக் விசைக்கு நான்கு மடங்கு தூரம் சென்றே நிற்கும். எந்தப் பொத்தானும் இவ்விதியைத் தளர்த்துவதில்லை. மழை நாளிற் கொட்டாஞ்சேனை வீதியொன்றில் ரயருக்கும் தாருக்குமிடையே எவ்வளவு உராய்வு உண்டோ, அவ்வளவே சாரதிக்குள்ள காப்பு.

துள்ளும் வண்டி தன்னை வல்ல சாரதியாக்கிவிட்டதென்று இளைஞர் ஒருவர் எண்ணுவாராயின், அவர் மயங்குவது பொத்தானாலன்று, தம் எண்ணத்தாலேயே. காலுக்கு வண்டி அளிக்கும் விடையைப் பொத்தான் மாற்றலாம். வளைவை முன்னறிந்து காலை எடுக்கும் அறிவு சாரதியிடமே இருத்தல் வேண்டும்.