திருப்பாடுகளின் தீவு: குடிமக்கள் இல்லாத ஓர் ஆட்சிப்பகுதி

பெரிய வெள்ளியன்று நாம் ஆண்டவரின் திருப்பாடுகளைத் தியானிக்கிறோம். அந்தத் திருப்பாடுகளின் பெயரைத் தாங்கிய ஒரு தீவு பசிபிக் பெருங்கடலில் உண்டு என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். 1711ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், பெரிய வெள்ளியன்று, இரண்டு பிரெஞ்சுக் கப்பல்களில் சென்றவர்கள் அதைக் கண்டு 'திருப்பாடுகளின் தீவு' என்று பெயரிட்டார்கள். ஆனால் உலகம் இன்று அதைக் கிளிப்பர்ட்டன் தீவு என்றே அழைக்கிறது. கிளிப்பர்ட்டன் ஓர் ஆங்கிலேயக் கடற்கொள்ளையர். அவர் அங்கே கால் வைத்ததற்குச் சான்றுகூட இல்லை!

மெக்சிகோ நாட்டின் கரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் தனித்துக் கிடக்கும் பவளத்தீவு இது. நடுவே கடலோடு தொடர்பற்ற ஒரு காயல். அதைச் சுற்றி மோதிரம்போல் ஒடுங்கிய நிலம். நிலப்பரப்பு மொத்தம் ஏறக்குறைய 2 சதுர கிலோமீட்டர்தான். 29 மீட்டர் உயரமுள்ள ஒரு பாறையே அங்கு மிக உயர்ந்த இடம். சில தென்னைகள், எண்ணற்ற நண்டுகள், கடற்பறவைகள். மனிதர் எவரும் நிரந்தரமாக வாழ்வதில்லை.

அப்படியானால் இதற்கு உரிமையாளர் யார்? 1858இல் பிரெஞ்சு அதிகாரி ஒருவர் கப்பலில் இருந்தபடியே தீவு தம் நாட்டுக்கு உரியது என்று எழுதி, அச்செய்தியை ஹொனலூலுவில் ஒரு பத்திரிகையில் வெளியிடச் செய்தார். தீவில் எந்த அடையாளமும் விட்டுவரவில்லை. 1897இல் மெக்சிகோ ஒரு போர்க்கப்பலை அனுப்பித் தன் கொடியை ஏற்றியது. உரமாகப் பயன்படும் பறவை எச்சப் படிவுகளுக்கு அன்று நல்ல விலை இருந்தது. 1909இல் இரு நாடுகளும் வழக்கை இத்தாலி மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேலின் தீர்ப்புக்கு விட்டன.

தீர்ப்பு வருவதற்குள் தீவில் நடந்ததுதான் நம் உள்ளத்தை உலுக்குகிறது. மெக்சிகோ அங்கே கேப்டன் ரமோன் அர்னோ தலைமையில் ஒரு சிறு படைப்பிரிவை மனைவி மக்களோடு குடியமர்த்தியிருந்தது. 1914 அளவில் நூறு பேர் வரை இருந்தார்கள். உணவு முழுவதும் அக்காபுல்கோ துறைமுகத்திலிருந்து கப்பலில் வரவேண்டும். மெக்சிகோவில் புரட்சிப் போர் தீவிரமடைந்ததும் கப்பல் நின்றுபோனது. காய்கறியும் பழமும் இல்லாமல் ஸ்கர்வி நோய் பரவி ஒவ்வொருவராக மடிந்தார்கள். 1915இல், தொலைவில் கப்பல் தெரிகிறது என்று நம்பி அர்னோவும் எஞ்சிய ஆண்களும் படகில் புறப்பட்டுக் கடலில் மூழ்கினார்கள். கலங்கரை விளக்கக் காவலர் ஒருவர் மட்டும் மிஞ்சினார். அவர் தம்மை அரசன் என்று அறிவித்துக்கொண்டு பெண்களை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கொடுமைப்படுத்தினார். 1917 ஜூலையில் அப்பெண்களுள் ஒருவர் அவரைக் கொன்றார். அதே வேளையில் 'யார்க்டவுன்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் தற்செயலாக அங்கு வந்து, பெண்களும் சிறுவருமாகப் பதினொரு பேரை மீட்டது. அர்னோவின் மனைவி அலிசியாவும் அவர்களுள் ஒருவர்.

இவ்வளவுக்கும் பிறகு, 1931 ஜனவரி 28 அன்றுதான் தீர்ப்பு வந்தது. தீவு பிரான்சுக்கே! மனிதர் வாழாத இடத்தில் எதிர்ப்பாரும் இல்லை. ஆகவே ஒரு நாடு அங்கு தோன்றி உரிமை கோரிய கணத்திலேயே உடைமையாக்கம் நிறைவுபெற்றுவிடலாம் என்பது மன்னரின் வாதம். பன்னாட்டுச் சட்டம் படிப்போர் இன்றும் இதை எடுத்துக்காட்டாகப் படிக்கிறார்கள். 1858இல் எழுதிய காகிதம் வென்றது. அங்கே புதைக்கப்பட்டவர்கள் அந்த வாதத்தில் எந்தப் பக்கமும் எண்ணப்படவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

இன்றைய நிர்வாகம் எப்படி? 1936 முதல் தீவு தாகித்தியிலிருந்த பிரெஞ்சு ஆளுநரின் பொறுப்பில் இருந்தது. 2007இல் வந்த சட்டத்தின்படி அது பிரெஞ்சு அரசின் நேரடி ஆட்சியில், கடல்கடந்த பகுதிகளுக்கான அமைச்சரின் கீழ் உள்ளது. அவர் சார்பில் கவனிப்பவர், 5,000 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள தாகித்தியில் இருக்கும் உயர் ஆணையர். நகராட்சி இல்லை, தேர்தல் இல்லை, வரி இல்லை. பிறகு எதற்காக வைத்திருக்கிறார்கள்? தீவைச் சுற்றிச் சுமார் 4,30,000 சதுர கிலோமீட்டர் கடலில் மீன்வள உரிமை கிடைக்கிறது! மனிதர் வாழ இயலாத வெறும் பாறைகளுக்கு அத்தகைய உரிமை இல்லை என்று கடல்சட்ட உடன்படிக்கை கூறுவதால், இந்தத் தீவு எந்த வகையில் சேரும் என்று கேட்போரும் உண்டு. அங்கு சூரை மீன் பிடிப்பவை பெரும்பாலும் மெக்சிகோ கப்பல்களே. 2007இல் இரு நாடுகளும் செய்த உடன்பாட்டின்படி அவை கட்டணமின்றி உரிமம் பெறுகின்றன.

எச்சம் எடுக்க வந்தவர்கள் விட்டுச்சென்ற பன்றிகள் பெருகி நண்டுகளையும் பறவை முட்டைகளையும் தின்றுவந்தன. 1958இல் ஓர் அமெரிக்க ஆய்வாளர் அவற்றைச் சுட்டு ஒழித்தபின் நண்டும் பறவையும் பல்லாயிரமாகப் பெருகின. பின்னர், உடைந்த கப்பல்களிலிருந்து எலிகள் ஏறிவிட்டன. 2016இல் தீவைச் சுற்றி 12 கடல்மைல் வரை பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள். ஆனால் காவலுக்கு அங்கு யாரும் இல்லை. பிரெஞ்சுக் கடற்படைக் கப்பல் அவ்வப்போது வந்து, கொடியையும் பெயர்ப்பலகையையும் சரிபார்த்துவிட்டுத் திரும்புகிறது. அலை கடுமையாக இருந்தால் அதுவும் கரையிறங்காமலே போகவேண்டியதுதான்.