கடைசியில் புரள்கிற கதை

அறிவியல் கதைகளின் முடிவுத் திருப்பத்தை வெறும் தந்திரம் என்று நம் விமர்சனம் ஒதுக்கிவிடுகிறது. எனக்கு அது அரசியல் கணம். பிரதி அதுவரை எதை, யாருக்காக மறைத்தது என்பது அங்கேதான் வெளிப்படுகிறது. இந்த அளவுகோலில் மூன்றை வரிசைப்படுத்துகிறேன்.

மூன்றாவது, தூர்தர்ஷனில் தொடராகவும் வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. நாட்டையே ஆளும் ஜீவா வெறும் பிம்பம் என்று தெரியவருகிறது. சர்வாதிகாரத்துக்கு உடம்புகூடத் தேவையில்லை.

இரண்டாவது, எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954). 'இது விஞ்ஞானக் கதையா?' என்பீர்கள். கொல்லப்பட்டவன் ரேடியோ இன்ஜினியர். காலம், 1943இல் ஜப்பான் சென்னையில் குண்டு போட்ட நாட்கள். கொலையாளியைத் தேடிப்போனால் செத்தவனே தேசத்துரோகி, சுட்டது மனைவி. அறிவு யாருக்கு விலைபோகிறது என்று ஒரு பாட்டுகூட இல்லாமல் கேட்ட படம்.

முதலிடம் ஷங்கரின் 'எந்திரன்' (2010). சிட்டி தன் உறுப்புகளைத் தானே கழற்றிப் போடுவதோடு கதை முடிந்தது என்றிருக்கிறோம். அப்புறம் 2030, அருங்காட்சியகம். ஏன் கழற்றினார்கள் என்று பள்ளிச் சிறுமி கேட்கிறாள். சிந்திக்கத் தொடங்கியதுதான் காரணம் என்று சிட்டியே சொல்கிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஷிப்டு முடித்து வருகிற ஒப்பந்தத் தொழிலாளி இதை எப்படி வாசிப்பார்? சொன்னதைச் செய்யும்வரைக்கும் நல்ல மிஷின். ஏன்னு கேட்டா, 'நாளைலேர்ந்து வரவேணாம்.' படம் இதைச் சொல்ல நினைத்திருக்காது. அரக்கனாக்கிய சிட்டியை வீழ்த்தும்போது நம்மைக் கைதட்ட வைத்தது. அந்தக் கைதட்டல் யார் பக்கம் என்பதைக் கடைசிக் காட்சி நம்மிடமே கேட்டுவிடுகிறது.